நீலப் பெட்டியில் பத்தாவது பெயர்

அந்தப் பெட்டி எங்கள் பட்டறைக்கு வந்தது 1910-ம் வருடம், பிப்ரவரி முதல் வாரத்தில். பட்டறை பீட்டர்ஸ்பர்க்கில், கஸான்ஸ்கயா தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. தங்கத்தில் எழுத்தும் கொடியும் பொறிப்பவர் புரோஹோர் சாவிச். எனாமல் சூளை என் பொறுப்பு. என் பெயர் கிளாஃபீரா. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கொண்டுவந்தவர் ரயில் பாலங்கள் கட்டும் பொறியாளர். வலெந்தீன் யூரியேவிச் என்று பெயர் சொன்னார். உயரமான மனிதர், தாடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது. கையுறையைக் கழற்றாமலே கோட்டுப் பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் பெட்டி இருந்தது.

"காலுறைக்குள்ள தங்கமா? நல்ல பத்திரம்தான்" என்றார் புரோஹோர் சாவிச்.

வந்தவர் சிரிக்கவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற நீள்வட்டப் பெட்டி. மகாராணி யெகாதெரீனா காலத்து வேலை. மூக்குப்பொடி போட்டு வைக்கச் செய்தது. தங்கத்தின் மேல் மெல்லிய அலைக்கோடுகளை இழைத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் ஆழ்ந்த நீல எனாமல் பூசியிருந்தார்கள். சாய்த்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் அசைவது போல இருந்தது. ஓரம் முழுக்கக் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். நூற்று நாற்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமான நீலத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வெளியில ஒன்னும் பழுதில்லையே" என்றேன்.

"உள்ள பாருங்க."

மூடியின் உட்புறத்தில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. எல்லாம் பெண்கள் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள், அவர்கள் இறந்த நாள். ஒன்பதாவது அவருடைய அம்மா. பத்தாவது வரியில் 'வலெந்தீனா, 1910 ஏப்ரல் 9' என்று இருந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டார் புரோஹோர் சாவிச்.

"என் மனைவி."

"உங்க பேரும் வலெந்தீன்னு சொன்னீங்க."

"ஆமா. வீட்டுல ரெண்டு பேரையும் வால்யான்னுதான் கூப்பிடுவாங்க. ஒருத்தரைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதை அழிச்சுக் குடுங்க. அவ பாக்குறதுக்குள்ள."

"யாராவது விளையாட்டுக்குப் பொறிச்சிருப்பாங்க" என்றபடி புரோஹோர் சாவிச் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார். நீண்ட நேரம் பார்த்தார். அவர் வேலையின் நடுவே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர். அன்று முணுமுணுப்பு நின்றுபோனது.

"கிளாஷா, இங்க வா" என்று என்னை அழைத்து லென்ஸைக் கொடுத்தார். "உளி பட்டா ஓரத்துல பிசிறு நிக்கணும். இதுல இருக்கா பாரு."

இல்லை. பத்து வரிகளிலும் இல்லை. எழுத்துகள் மேலிருந்து வெட்டியவை போலவே இல்லை. தோலுக்கு அடியிலிருந்து தழும்பு எழும்புமே, அப்படித் தங்கத்துக்கு உள்ளிருந்து வந்திருந்தன.

"ஒன்பது பேரையும் யார் பொறிச்சாங்க?" என்றேன்.

"எங்கம்மா பேரை அப்பா பொறிச்சார்னு நான் நெனச்சிருந்தேன். தாத்தா பொறிச்சார்னு அப்பா நெனச்சிருந்தார். அப்பா சாகுறதுக்கு முந்தி ஒரு நாள் பேச்சுவாக்குல கேட்டப்பதான் தெரிஞ்சுது. யாருமே பொறிக்கலை." பொறியாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கிறிஸ்துமஸ் அன்னிக்குத் திறந்தப்போ 'வ' மட்டும் இருந்துச்சு. நான் கணக்கு, இரும்புன்னு வாழ்றவன். கண்ணு கோளாறுன்னு மூடி வெச்சேன். நேத்து பாத்தேன், தேதி வரைக்கும் வந்துடுச்சு."

அவர் மனைவிக்கு இலையுதிர் காலத்திலிருந்தே நுரையீரல் சரியில்லை, இருமினால் கைக்குட்டையில் ரத்தம் வருகிறது என்று அப்புறம் சொன்னார்.

புரோஹோர் சாவிச் மூடியின் உட்தகட்டைக் கழற்றி எடுத்தார். சுரண்டியால் பத்தாவது வரியை வழித்தார், மெருகுக்கல் தேய்த்தார். கால் மணி நேரத்தில் கண்ணாடி போல ஆகிவிட்டது. பொறியாளர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

ஆறாம் நாள் திரும்பி வந்தார். வாசலிலேயே தெரிந்துவிட்டது.

இந்த முறை எழுத்துகள் முன்னைவிட ஆழம். மறுபடி வழித்தோம். நான்கு நாளில் மறுபடி வந்துவிட்டது. தகடு தாள் போல மெலிந்துகொண்டே போனது. புரோஹோர் சாவிச் தன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்.

"இன்னும் ஒரு தடவை சுரண்டினா ஓட்டை விழுந்துடும். வேற யாராவது வழி சொல்லுங்கப்பா" என்றார்.

வழி சொன்னவள் நான். வெள்ளை எனாமலைக் கெட்டியாகப் பூசிச் சுட்டுவிட்டால், அடியில் என்ன இருந்தாலும் தெரியாது. அன்றைக்கே அரைத்து, பத்தாவது வரியின் மேல் மட்டும் மூன்று பூச்சு பூசி உலர்த்தி, தகட்டைச் சூளைக்குள் வைத்தேன். மத்தியான நேரம். சூளையின் சின்னத் துவாரம் வழியாகப் பார்த்தேன். எனாமல் முதலில் சர்க்கரை போல இருக்கும், பிறகு ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்கும், பிறகு உருகிப் பளபளக்கும். பதினெட்டு வருடமாகப் பார்ப்பது. அன்று உருகியதும் அது விலகியது. எண்ணெய் தடவிய இடத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடுவது போல, அந்த எழுத்துகளை விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

இடுக்கியால் வெளியே எடுத்தேன். தகடு முழுக்கக் கனல் சிவப்பு. எழுத்துகள் மட்டும் கறுப்பாக நின்றன. பத்து வரியும். குனிந்து பார்த்தபோது அந்தக் கறுப்பின் மேல் ஏதோ மினுங்கியது. பனி. ஜன்னல் கண்ணாடியில் காலையில் பூத்திருக்குமே, அதே பனிப்பூ. கனன்றுகொண்டிருக்கும் தங்கத்தின் மேல் அது உருகாமல் இருந்தது.

நான் கத்தவில்லை. இடுக்கியைக் கீழே போடவும் இல்லை. தகடு ஆறும் வரை பிடித்துக்கொண்டே நின்றேன் என்று புரோஹோர் சாவிச் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

தவக்காலத்துக்கு முந்தைய அப்பத் திருவிழா வாரத்தில் பொறியாளர் வந்தார். தெருவெல்லாம் உருகிய வெண்ணெய் வாசனை. கீழே பனிச்சறுக்கு வண்டிகளின் மணிச் சத்தம். நடந்ததைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மேஜை மேல் கிடந்த தகட்டை ஒரு கட்டட வரைபடத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் விரல் பெயரின் கடைசியில் போய் நின்றது.

"முழுப் பேரையும் அழிச்சா திரும்பி வருது. ஒரே ஒரு எழுத்தை எடுத்தா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. வலெந்தீனாவின் கடைசியில் நிற்கும் அந்த 'ஆ'வை எடுத்துவிட்டால், மீதி இருப்பது வலெந்தீன்.

புரோஹோர் சாவிச் எழுந்துவிட்டார். "வேண்டாங்க. வீட்டுக்குப் போங்க."

"புரோஹோர் சாவிச், உங்களை நான்..."

"நான் தங்கத்துல செதுக்குறவன். மனுசனுக்குக் குழி வெட்டுறவன் இல்ல. நீங்க என் காலைப் பிடிச்சாலும் செய்ய மாட்டேன்." குல்லாயை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பொறியாளர் தானே சுரண்டியைக் கையில் எடுத்தார். பாலத்துக்கு இரும்புத் தூண் நிறுத்தும் கைக்கு அந்தச் சின்ன எழுத்து பிடிபடவில்லை. சுரண்டி வழுக்கித் தகட்டில் ஒரு கீறல் விழுந்தது.

"நீங்க பிடிங்க, நான் செய்றேன்" என்றேன்.

ஏன் செய்தேன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரக்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒருவர் இன்னொருவருக்காக இப்படி வந்து உட்கார்ந்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போல இருந்தது. மீதிப் பாதி அதுதான்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றேன், சுரண்டியை வைப்பதற்கு முன்.

"கேட்டா விடுவாளா?"

மூன்று இழுப்பு. அவ்வளவுதான் வேலை. எழுத்து போய்விட்டது, மெருகு போட்டேன். தகட்டை மூடியில் பொருத்தினேன். அவர் அதைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு போனார். வாரம் ஒரு தடவை வந்து காட்டினார். அந்த எழுத்து திரும்பவே இல்லை. மார்ச் கடைசியில் வந்தபோது, "வால்யா நேத்து மாடிப்படி ஏறினா. நடுவுல நிக்கவே இல்லை" என்று சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் ஒன்பது வெள்ளிக்கிழமை. குருத்து ஞாயிறுக்காகத் தெருவில் வில்லோ மரக் கிளைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு வெளியே போகக் கிளம்பி, பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்த பொறியாளர் நிமிரவில்லை. செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. புரோஹோர் சாவிச் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "நாப்பதாம் நாள் முடியற வரைக்கும் என்கிட்ட பேசாத" என்றார்.

நாற்பதாம் நாளுக்கு மறுநாள் அவர் மனைவி வந்தாள். கறுப்பு உடை, சிறிய உருவம், முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். நான்கு மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து என் மேஜை மேல் வைத்தாள்.

"இதுல என் எழுத்தை எடுத்தது யாரு?"

புரோஹோர் சாவிச் எழுந்து நின்றார். "அம்மா, நாங்க கூலிக்கு வேலை செய்றவங்க..."

"உங்களைக் கேக்கலை. இவங்க முகத்துலயே தெரியுது." என்னைப் பார்த்தாள். "பெட்டியை நான் எப்பவோ பாத்துட்டேன். அவர் ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா? தேதி வரைக்கும் பாத்துட்டேன். அந்தத் தேதிக்குள்ள செஞ்சு முடிக்க வேண்டியதெல்லாம் முடிச்சேன். எங்கக்காவோட பதினொரு வருஷமாப் பேச்சில்ல. அவ வீட்டுக்குப் போய் அழுது சமாதானம் ஆயிட்டு வந்தேன். நான் போனதுக்கப்புறம் அவர் போட வேண்டிய சட்டைக்கெல்லாம் பொத்தான் தெச்சு வெச்சேன். பயமெல்லாம் தீந்து போயிருந்துச்சு. சாகக் கத்துக்கறது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா உங்களுக்கு? அதைக் கத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, ரெண்டு பேரும்?"

"கேட்டா விட மாட்டீங்கன்னார்."

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்துவிட்டு, எழுத்தைத் திரும்பப் பொறித்துத் தரச் சொன்னாள். புரோஹோர் சாவிச் மறுக்கவில்லை. தன் வாழ்நாளில் அதைவிட அழகாக அவர் ஒரு எழுத்தைப் பொறித்ததில்லை. மறுநாள் காலை அவள் வந்தபோது திறந்து பார்த்தோம். அந்த இடம் வழவழவென்று மூடிக்கொண்டிருந்தது. வெட்டின சுவடே இல்லை. மூன்று தடவை பொறித்தார். மூன்று தடவையும் தங்கம் மூடிக்கொண்டது.

"வேண்டாம் விடுங்க. நான் இதுல இல்ல" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஒன்பது வருடம் நான் அவளைப் பார்க்கவில்லை. போர் வந்தது, புரட்சி வந்தது, பட்டறையை மூடினார்கள். புரோஹோர் சாவிச் பசியில் இறந்தார். 1919 குளிர்காலத்தில், வாசிலியெவ்ஸ்கி தீவில் ஒரு ரொட்டி வரிசையில் நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் ஒருத்திக்கும் வரிசைக்கும் நடுவே மூன்று பேர் நிற்கிற இடைவெளி இருந்தது. யாரும் அதை நிரப்பவில்லை. திரும்பினாள். அதே பழுப்புப் புள்ளிகள்.

"கிட்ட வராதீங்க" என்றாள். "இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

வராமல் இருப்பேனா? பக்கத்தில் போய் நின்றேன். வரிசை நகர நகரச் சொல்லிக்கொண்டே வந்தாள். லதோகா ஏரியில் பனி உடைந்து வண்டி உள்ளே போனதில் குதிரை, ஓட்டினவர், அவள் அக்கா மூவரும் போனார்கள். இவள் மட்டும் கரையில் கிடந்தாள். குடியிருந்த வீட்டில் அடுப்புப் புகை மண்டி ஆறு பேர் தூக்கத்திலேயே போய்விட, இவள் காலையில் எழுந்து அவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பார்த்திருக்கிறாள். டைஃபஸ் காய்ச்சல் மருத்துவமனையில் இரண்டு வருடம் நோயாளிகளின் துணி துவைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தாள். புரட்சிக்குப் பிறகு பெட்டகங்களைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"வெளிநாட்டுக்கு வித்துட்டாங்களாம். எங்கயோ கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கும். எல்லாரும் நீலம் எவ்வளவு அழகுன்னு பாத்துட்டுப் போவாங்க."

"என் கூட வந்து இருங்க" என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"நான் செஞ்ச வேலை. நான்தான் பக்கத்துல இருக்கணும்."

வந்தாள். பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் பொது அடுக்ககத்தில் எங்களுக்கு ஒரே அறை. ஊரின் பெயர் மறுபடி மாறியது. 'நீங்க' போய் 'நீ' வந்தது. சண்டை போடுவோம், உப்பு அதிகம் போட்டதற்கு, ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு. பழைய கதையைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை.

பிறகு அடுத்த போர் வந்தது, எதிரிப் படை ஊரை முற்றுகையிட்டது. 1941 டிசம்பரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்று இருபத்தைந்து கிராம் ரொட்டி, அதில் பாதி மரத்தூள். எனக்கு அறுபத்தைந்து வயது, கால்கள் வீங்கிவிட்டன. வால்யா தன் பங்கை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"எனக்கு வேணாம். தின்னு."

"நீ?"

"எனக்கு ஒன்னும் ஆகாது கிளாஷா. உனக்குத் தெரியாதா?"

முதல் நாள் நான் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, அவள் ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் வைக்கவில்லை. வெந்நீர் மட்டும் குடித்தாள். பஞ்சு போல ஆகிவிட்டாள். கன்னத்துத் தோல் வழியாகப் பல் வரிசை தெரிந்தது. பசி அவளை விட்டுவிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகச் சுருண்டு கிடப்பாள். காலையில் எழுந்து நேவா ஆற்றுக்குப் போய்ப் பனித் துளையில் தண்ணீர் மொண்டு வருவாள். படிக்கட்டில் இறந்து கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி வருவாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன். மூச்சு இல்லை. கையைத் தொட்டேன். வெளியே கிடப்பவர்களின் கை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கண் இமையின் மேல் பனிப்பூ பூத்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதி. போய்விட்டாள், அவளுக்கும் கிடைத்துவிட்டது என்று. எழுந்து போய் அவள் முகத்தைக் கழுவத் தண்ணீர் சூடாக்கினேன்.

தண்ணீரோடு திரும்பியபோது அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் போயிருந்தேன்?" என்றாள்.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அதுக்குள்ள இங்க ஏதாவது ஆச்சா? யாருக்காவது?"

"இல்ல" என்றேன். பக்கத்து அறையில் ஸினாயிதாவின் இரண்டாவது மகள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இறந்தாள். காலையிலிருந்தே அந்தப் பெண் நினைவில்லாமல் கிடந்தாள், எப்படியும் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வால்யாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

இது 1947. எனக்கு எழுபத்தொன்று, மூன்று படி ஏறினால் நின்றுவிடுகிறேன். வால்யா தண்ணீர் வாளியோடு இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்வார்கள், அவளுக்கு மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் எங்கள் பக்கத்து அறைக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி குடி வந்தார்கள். மூன்று மாதக் கைக்குழந்தை. சுவர் மெல்லியது, குழந்தை சிணுங்குவது நன்றாகக் கேட்கும். மறுநாளே வால்யா வீட்டு நிர்வாக அறைக்குப் போய், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் ஈரமான சிறிய அறையை எங்களுக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தாள்.

"குழந்தை சத்தம் பிடிக்கலையாம்மா?" என்று அந்தத் தாய் முகம் சுருங்கிப் போய்க் கேட்டாள்.

"ஆமா. பிடிக்கலை" என்றாள் வால்யா.

இன்று காலை சாமான்களை மாற்றிவிட்டோம். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கட்டில், ஒரு மேஜை, தேநீர்ப் பாத்திரம். புது அறையில் ஜன்னல் வடக்குப் பக்கம். என் கட்டிலை அடுப்புக்குப் பக்கத்திலும் தன்னுடையதைக் கதவோரத்திலும் போட்டாள். "ரொம்பத் தள்ளிப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள். "இழுத்து இங்க போடு" என்றேன். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு இழுத்துப் போட்டாள்.